வட்டமாக வந்த வரிசை

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நான் மாதிரி எடுப்பவள். கடலிலிருந்து வரும் நீர், மணல் வடிகட்டியைத் தாண்டிய நீர், மெம்பிரேனைத் தாண்டிய நீர் என்று ஒவ்வொரு குழாயிலும் புட்டியைப் பிடித்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், கலங்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் பகல் வேலை. மாலையில் தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளமோ வகுப்பு. தெரிந்தவர்கள் என்னைத் தராசு என்று கூப்பிடுவார்கள். கடையில் இரண்டு சோப்புக்கு நடுவில் நின்று கடைக்காரரின் பொறுமையைச் சோதிப்பேன். அப்படி வந்த பெயர். வைத்தது அக்கா.

அக்காவும் அதே ஆலைதான். கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, எந்தப் பம்பை எப்படி ஓட்டுவது, கடலிலிருந்து எவ்வளவு நீரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவள். ஒரு வால்வைத் திறக்க நான் இரண்டு தடவை யோசிப்பேன். அவள் திறந்துவிட்டு, பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

மெம்பிரேன் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நீளமான வெள்ளைக் குழாய்களுக்குள் பாய்போலச் சுருட்டி வைத்த மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் கடல்நீரைப் பலமாக அழுத்தினால் மறுபக்கம் நல்ல நீர் வரும், உப்பு பின்தங்கும். ஆலையில் மற்றதெல்லாம், பம்பும் வடிகட்டியும் மருந்துத் தொட்டியும் நாங்களும், அந்தச் சவ்வுக்குப் பணிவிடை செய்யத்தான் இருக்கிறோம்.

சில வாரங்களுக்கு முன்பு கடல் கொந்தளித்தது. சேறு கலந்த நீர் உள்ளே வந்து மெம்பிரேன்கள் அடைத்துக்கொண்டன. பாதி ஊருக்குத் தண்ணீர் நின்றது. நீர் மாறிய அந்தப் பிற்பகலில் பணியில் இருந்தது அக்கா. அதன்பிறகு ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கட்டுப்பாட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலிகளை எண்ணினார். ஆபரேட்டர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டு அந்த நிறுவனத்திடம் அறையை ஒப்படைக்கப் போகிறார்கள் என்று மறுநாளே கேன்டீனில் பேச்சு.

இந்த நேரத்தில்தான் என் வகுப்புத் திட்டம் மாட்டிக்கொண்டது. ஆலையின் செயல்திறனைப் பாதிக்கும் காரணிகளைத் தரவரிசைப்படுத்துவது என் தலைப்பு. கடல்நீரின் கலங்கல், நீரின் வெப்பம், பம்பின் அழுத்தம், மெம்பிரேனின் வயது, ஆபரேட்டரின் கவனம் என்று ஐந்தை எடுத்திருந்தேன். ஐந்தையும் மொத்தமாக நீட்டி "எது முதல்?" என்று கேட்கக் கூடாது. இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, இதில் எது பெரிது, எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டும். அனுபவம் உள்ள சிலரிடம் அந்த விடைகளை வாங்கிக் கணக்குப் போட்டால் வரிசை வரும். இதைக் கெமிஸ்ட் மேடத்திடம் சொன்னேன். அவர் மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் பெரிய வால்வு. அவர் திறந்தால்தான் எதுவும் நகரும். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நல்ல வேலைம்மா இது. நிர்வாகக் குழு காரணம் கேக்குறாங்க. நான் ஒண்ணு சொன்னா, என் அபிப்பிராயம்பாங்க. கணக்கு சொன்னா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ஏழு பேர்கிட்ட வாங்கு. நீயும் ஒரு ஆளு."

"சார், ஆபரேட்டர்ஸ்?"

"சம்பந்தப்பட்டவங்க வேண்டாம்."

"நானும் சம்பந்தப்பட்டவதான் சார். ஆபரேட்டர் என் அக்கா."

"நீ தண்ணியைப் பாக்குறவ. எல்லாக் குழாயையும் நீ ஒருத்திதான் பாக்குற. நீ இல்லாம எப்படி?"

எனக்குச் சமாதானமாகவில்லை. வகுப்பில் சாரிடம் கேட்டேன். "அறிக்கையோட முதல் பக்கத்துல அக்கா தங்கைன்னு எழுதிடு. மறைச்சாதான் தப்பு" என்றார். எழுதிவிட்டேன். அப்படியும் மனதில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது.

மற்ற ஆறு பேரையும் மேனேஜரே கூட்ட அறைக்கு வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மேனேஜர், கெமிஸ்ட் மேடம், பம்புகளைப் பழுது பார்க்கும் பிட்டர் அண்ணன், மின்பிரிவுக்காரர், பராமரிப்பில் இரண்டு பேர். டீ ஆறுவதற்குள் ஆறு தாளும் என் கைக்கு வந்துவிட்டன. எனக்கு ஒரு தாளை நிரப்ப அன்று மாலைவரை ஆனது. கலங்கலா, மெம்பிரேனின் வயதா? நேற்று மாட்டிய மெம்பிரேனாக இருந்தாலும் சேற்றுநீர் வந்தால் அடைத்துக்கொள்ளும். கலங்கல்தான் பெரிது. மெம்பிரேனின் வயதா, ஆபரேட்டரின் கவனமா? கிழடு தட்டிய மெம்பிரேன், எவ்வளவு கவனமாக ஓட்டினாலும், உப்பை மறுபக்கம் விட்டுவிடும். வயதுதான் பெரிது. ஆபரேட்டரின் கவனமா, கலங்கலா? நீர் மாறுகிறது என்று தெரிந்ததும் உள்வாங்குவதைக் குறைத்து, வடிகட்டியைக் கழுவி, மருந்தைக் கூட்டினால் சேற்றுநீர் மெம்பிரேனை எட்டவே எட்டாது. கவனம்தான் பெரிது. ஒவ்வொரு ஜோடிக்கும் அந்த ஜோடியை மட்டும் நினைத்து விடை எழுதினேன். எழுதிய விடையை மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

கல்லூரிக் கணினி அறையில் கணக்கைப் போட்டேன். இந்த முறையில் கடைசியாக ஒரு சோதனை உண்டு. முதலாவதைவிட இரண்டாவது சிறிது, இரண்டாவதைவிட மூன்றாவது சிறிது என்று சொன்ன ஆள், மூன்றாவது முதலாவதைவிடப் பெரிது என்று சொன்னால் அவர் விடைகள் தமக்குள்ளேயே சண்டை போடுகின்றன. அந்தச் சண்டை எவ்வளவு என்பதை ஓர் எண் காட்டும். ஓர் அளவுக்குமேல் போனால் அந்தத் தாள் செல்லாது.

ஆறு தாள்கள் அளவுக்குள் அழகாக அடங்கின. ஒன்று மட்டும் எகிறிக் குதித்தது. அது என்னுடையது.

கூட்டலில் பிழை என்று நினைத்தேன். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் என் மேல்தான். கையால் போட்டேன். அதே எண். பக்கத்து இருக்கைத் தோழியிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அதே எண்.

சார் தாளைப் பார்த்துவிட்டுப் பலமாகச் சிரித்தார். "வட்டமடிச்சிருக்கும்மா. கலங்கல் வயசை ஜெயிக்குது, வயசு ஆபரேட்டரை ஜெயிக்குது, ஆபரேட்டர் கலங்கலை ஜெயிக்கிறாங்க. நாய் தன் வாலைத் துரத்துற மாதிரி. விதி தெரியும்ல? எழுதினவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்து மறுபடி யோசிக்கச் சொல்லணும். அப்பவும் வட்டம்னா எடுத்துடணும்."

"யார்கிட்ட சார் திருப்பிக் கொடுக்கிறது?"

"உன்கிட்டதான்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

என் வகுப்பில் ஆலைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. மறுநாள் விஷயம் எனக்குமுன் ஆலைக்குப் போய்விட்டது. மேனேஜர் மாதிரிக் குழாய்க்கே வந்து நின்றார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். ஒரே ஒரு இடம். மெம்பிரேன் வயசு ஆபரேட்டரைவிடப் பெரிசுன்னு போட்டிருக்க. அதை மட்டும் திருப்பிப் போடு. வட்டம் அறுந்துடும்."

அறுந்துவிடும் என்பது உண்மை. அறுந்தால் ஆபரேட்டரின் கவனம் முதலிடத்துக்குப் போகும், மெம்பிரேனின் வயது கீழே இறங்கும். மெம்பிரேனை மாற்றும் வேலையைப் போன வருடம் தள்ளிவைத்தவர் அவர்தான் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

"யோசிச்சுப் பாக்குறேன் சார்."

"யோசி, யோசி. நல்லாப் படிக்கிற பொண்ணு. டிப்ளமோ முடிஞ்சா ஆய்வகத்துல உனக்குன்னு ஒரு மேசை போடலாம்னு நானும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்."

புட்டி நிரம்பி என் கைமேல் வழிந்தது. அதுவரை குழாயை மூட மறந்திருந்தேன்.

வீட்டிலும் அதே பேச்சு, எதிர்ப்பக்கத்திலிருந்து. நானும் அக்காவும் அம்மாவும் இருப்பது இரண்டு அறை. அங்கே எதையும் ரகசியமாக வைக்க இடம் கிடையாது. அக்கா துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏய் தராசு, உன் தாளை உன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்களாமே."

"ம்."

"நல்லதாப் போச்சு. ஆபரேட்டர் கலங்கலைவிடப் பெரிசுன்னு எழுதியிருக்கியாம். அதைத் திருப்பிப் போடு. கடல் பெரிசு, நான் சின்னவ. முடிஞ்சது. வட்டமும் போச்சு, என் தலைக்கு மேல தொங்குற கத்தியும் போச்சு."

"நீ சின்னவன்னு நான் நினைக்கலையே."

"நினைக்காம எழுதுடி. கை தானே எழுதுது?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கூடப் பொறந்தவளுக்கு ஒரு கோடு மாத்திப் போட உனக்குக் கை வலிக்குதா? ஊரான் வீட்டுப் பொண்ணுக்கா கேக்குறா?"

"அம்மா, கணக்குல அக்கா தங்கைன்னு ஒரு கட்டம் இல்ல."

"அப்ப அது என்ன கணக்கு!" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அன்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மேனேஜருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அக்காவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லையா? அக்கா என்பதால் என் கை எங்காவது வளைந்திருக்குமோ? மூன்று விடைகளும் உண்மை என்று நான் நம்புவதே பாசம் செய்யும் வேலையோ?

அதற்கு ஒரு வழி யோசித்தேன். காலை ஷிப்டில் ஓர் ஆபரேட்டர் இருக்கிறார். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால் நொறுக்கு என்று பெயர். மாதிரிப் புட்டியில் விரல் துடைத்தவர். அவரை எனக்குப் பிடிக்காது. ஆபரேட்டர் என்று வரும் இடத்திலெல்லாம் அக்காவின் முகத்தை எடுத்துவிட்டு நொறுக்கின் முகத்தை வைத்துக்கொண்டு, புதுத்தாளில் பத்து ஜோடிகளையும் மறுபடி நிரப்பினேன். பிறகு பழைய தாளோடு ஒப்பிட்டேன்.

ஓர் இடத்தில் விடை மாறியிருந்தது. பம்பின் அழுத்தமா, ஆபரேட்டரின் கவனமா என்ற இடம். முன்பு இரண்டும் சமம் என்று போட்டிருந்தேன். நொறுக்கை நினைத்தபோது கவனம் என்று வந்தது. அழுத்தம் தானாக ஏறுவதில்லை. யாரோ ஒருவர் ஏற்றுகிறார். அக்காவை நினைத்து எழுதியபோது அந்த யாரோவை நான் காணாமல் விட்டிருக்கிறேன். அது என் வளைவுதான். சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கு எதிரான திருத்தம் அது.

வட்டம் மட்டும் அப்படியே நின்றது. நொறுக்கு உட்கார்ந்தாலும் அக்கா உட்கார்ந்தாலும் கலங்கல் வயதை வென்றது, வயது கவனத்தை வென்றது, கவனம் கலங்கலை வென்றது.

அப்படியென்றால் மற்ற ஆறு பேருக்கும் ஏன் வட்டம் வரவில்லை? இந்தக் கேள்வி எனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும். ஆறு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பார்த்தேன். ஒரே வரிசை. கெமிஸ்ட் மேடத்தின் தாளில் மட்டும் ஓரிரு எண்கள் வேறு. மற்ற ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல இருந்தன. பம்பு அறையில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்த பிட்டர் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, அன்னிக்குத் தாளை எப்படி நிரப்பினீங்க?"

"எப்படின்னா? பேனாலதான்."

"இல்லண்ணே, ஒவ்வொரு ஜோடியாப் படிச்சீங்களா?"

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க படிக்கிறது? பெரிய வால்வு போர்டுல முதல்ல ஆபரேட்டர், ரெண்டாவது கலங்கல்னு வரிசையா எழுதினாரு. 'இப்படித்தான் வரும்னு நினைக்கிறேன், நீங்க உங்க விருப்பப்படி போடுங்க'ன்னாரு. எங்க விருப்பம் டீ ஆறக் கூடாதுங்கிறதுதான். அந்த வரிசையைப் பாத்துப் பாத்து டிக் பண்ணிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பேரும் முரண்படாததற்கு அதுதான் காரணம். முடிவை முதலில் எழுதிவிட்டுக் கேள்விக்குப் போனவர்களுக்கு விடைகள் எப்படிச் சண்டை போடும்?

இத்தனையும் தெரிந்த பிறகு நான் துணிச்சலாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று மாலை நான் தளர்ந்துபோனேன். ஏழில் ஒரு தாள், அதுவும் செல்லாத தாள். அதை வைத்துக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறேன்? எப்படியும் அதை ஓர் இடத்தில் அறுக்க வேண்டுமென்றால் அக்கா கேட்ட இடத்தில் அறுத்துவிட்டுப் போகலாமே. வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, ஆபரேட்டர் கலங்கலைவிடச் சிறிது என்று ஒரு நகலில் மாற்றிக் கணக்குப் போட்டேன். அக்கா வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னேன்.

"மாத்திப் பாத்தேன்க்கா. வட்டம் அறுந்துடுச்சு."

"என் தங்கம்! சொல்லு, என்ன வரிசை?"

"முதல்ல கலங்கல். அப்புறம் மெம்பிரேன் வயசு. அப்புறம் வெப்பம்."

"சரி."

"நாலாவது ஆபரேட்டர் கவனம். கடைசி அழுத்தம். அழுத்தமும் கடைசி இல்லாம இருந்திருக்கும், அன்னிக்கு நான் ஒண்ணு திருத்தினேன்..."

"நில்லு, நில்லு. வெப்பத்துக்குக் கீழயா நான்?"

"ஆமா."

"வெயில் அடிக்கிறதுக்குக் கீழயா?"

"கணக்கு அப்படித்தான் வருது."

அக்கா கைப்பையைக் கட்டிலில் எறிந்தாள். "அப்ப நான் அங்க எதுக்குடி இருக்கேன்? நாற்காலியைச் சூடாக்கவா? போன மழைக்காலம் முழுக்க, தண்ணி நிறம் மாறுறதுக்கு முன்னாடியே கேஜ் முள்ளு ஆடுறதைப் பாத்து யார் குறைச்சது? உன் வெயிலா?"

"நீதானே கேட்ட?"

"கேட்டேன். கேட்டா குடுத்துடுவியா?"

அம்மா உள்ளிருந்து, "உங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வளத்தேனே, எனக்குத்தான் மெடல் குடுக்கணும்" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் பெரிசுன்னு போட்டா என் தப்புன்னு அனுப்புவாங்க. நான் சின்னவன்னு போட்டா, ஆளே வேண்டாம், தானா மூடுற வால்வு ஒண்ணு போதும்னு அனுப்புவாங்க. ரெண்டுலயும் நாற்காலி காலி. அந்த ஆளு எண்ணினாரே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"அன்னிக்கு என்னதான்க்கா நடந்தது?"

"லேட்டாதான் குறைச்சேன்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டாவது பம்புல சத்தம் வந்துச்சு, அதைப் பாத்துட்டு இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி மாறிடுச்சு. முன்னாடியே குறைச்சிருந்தா அடைச்சிருக்காது. அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா மெம்பிரேன் வயசானது. கழுவினா பழையபடி வேலை செய்யணும், செய்யல. அதையும் சொல்லணும். கடல் அப்படிக் கொந்தளிச்சா புதுசு போட்டிருந்தாலும் திணறியிருக்கும். அதையும் சொல்லணும்."

"மூணையும் சொன்னா வட்டம் வரும்."

"வரட்டுமே. வட்டம் வந்தா கடல் வத்திடுமா?"

மாற்றிய நகலை அவளே எடுத்துக் கிழித்தாள். கிழித்ததோடு நிற்காமல், அதைச் சுருட்டி என் தலையில் எறிந்தாள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே போர்டு. ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேட்டர்கள் சார்பில் அக்காவையும் நொறுக்கையும் கூப்பிட்டிருந்தார்கள்; கேட்பதற்கு, பேசுவதற்கு அல்ல. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முடிவைப் போர்டில் எழுதச் சொன்னார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வரிசைக்குப் பதிலாக மூன்று பெயர்களை முக்கோணமாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டேன். கலங்கலிலிருந்து வயதுக்கு, வயதிலிருந்து கவனத்துக்கு, கவனத்திலிருந்து கலங்கலுக்கு.

"என்னம்மா இது, படம் வரையிற?"

"என் தாள் சார். மறுபடி யோசிச்சேன். ஒரு விடை தப்பு, திருத்திட்டேன். இந்த மூணும் தப்பு இல்ல. இதை அறுக்க மாட்டேன்."

"அப்ப விதிப்படி அதை எடுத்துட வேண்டியதுதான். ஆறு தாள் போதும்."

"எடுத்துடலாம் சார். விதி அது." கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. "ஆனா ரெண்டு ரெண்டாக் கேக்கணும்கிறதும் விதிதான். அன்னிக்கு இந்த அறையில யாரும் ரெண்டு ரெண்டாப் பதில் சொல்லல. போர்டுல இருந்ததைப் பாத்துப் பதில் சொன்னாங்க. வட்டமடிச்சதுக்காக என் தாளை எடுத்தா, வட்டமடிக்க வாய்ப்பே குடுக்காத ஆறு தாளையும் எடுக்கணும். எடுத்தா என்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாத அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே. அவங்கவங்க விருப்பம்னு சொன்னேனே?"

"சொன்னீங்க சார்" என்றார் பிட்டர் அண்ணன். எழுந்து நின்றார். "அதான், இப்ப எனக்கு ஒரு விருப்பம். என் தாளைத் தாம்மா. அன்னிக்கு டீ நல்லா இருந்துச்சு, தாளைப் பாக்கல."

யாரோ சிரித்தார்கள். பராமரிப்பிலிருந்து ஒருவர் கை நீட்டினார். மின்பிரிவுக்காரர் மேனேஜரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவரும் கை நீட்டினார். நான் தயாராகப் புதுத்தாள்கள் வைத்திருந்தேன். ஜோடிகளைக் கலைத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் அடித்திருந்தேன், பக்கத்துத் தாளைப் பார்த்துப் பயனில்லாதபடி. முந்தின நாள் அக்கா அவற்றைப் பிரித்துக் கொடுத்தபோது, "திருடனுக்குத் தேள் கொட்டினாப்பல முழிக்கப் போறாங்க" என்று சொல்லியிருந்தாள்.

யாரும் அவ்வளவு முழிக்கவில்லை. அவரவர் இடத்துக்குப் போய், பம்பு அறையிலும் ஸ்டோரிலும் மாடிப்படியிலும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். டீ கொடுக்கவில்லை. பிட்டர் அண்ணன் மட்டும் நடுவில் வந்து, "இதென்னம்மா, நானே என்னை எதிர்த்துக்கிறேன்" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்.

மேனேஜர் தன் தாளைத் திரும்பக் கேட்கவில்லை. "என் கருத்து மாறல" என்றார். அது அவர் உரிமை. பராமரிப்பில் இன்னொருவரும் கேட்கவில்லை.

கெமிஸ்ட் மேடம் தனியாக உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வந்து நேராக அக்காவிடம் சொன்னார்: "இந்தத் தடவை நான் யார் போர்டையும் பாக்கல. இப்பவும் எனக்கு ஆபரேட்டர்தான் முதல்ல வருது. மத்ததை நம்மால மாத்த முடியாது, அதை மட்டும்தான் முடியும். தப்பா நினைக்காதீங்க."

அக்கா அவரைக் கொஞ்சம் பார்த்தாள். "நினைக்கல மேடம். முதல்ல வர்றவங்களுக்கு ஓரமா ஒரு ஆள் துணைக்குப் போடுங்கன்னு அதுலயே எழுதிடுங்க. ரெண்டாவது பம்பு சத்தம் போட்டா நான் ஒருத்தி எங்க ஓடுவேன்?"

மேடம் பேனாவை எடுத்துத் தாளின் அடியில் அதை எழுதினார்.

கணக்குப் போட்டேன். என்னுடையதையும் சேர்த்து மூன்று தாள்கள் வட்டமடித்தன. மூன்றிலும் அதே வட்டம். எதையும் எடுக்கவில்லை. போர்டைப் பார்த்து நிரப்பிய இரண்டையும்கூட எடுக்காமல், எப்படி நிரப்பப்பட்டவை என்ற குறிப்போடு வைத்தேன். நானும் அக்காவும் உடன்பிறந்தவர்கள் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா அன்று தாமதமாகக் குறைத்ததும் இருக்கிறது. அவளே எழுதிக் கொடுத்தாள். மெம்பிரேன் மாற்றும் தேதி தள்ளிப்போனதும் இருக்கிறது.

நிர்வாகக் குழுவின் முடிவு இன்னும் வரவில்லை. ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் மறுபடி வரவும் இல்லை, வர மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மேசை எதுவும் போடப்படவில்லை. நான் ஜன்னல் திண்டில் வைத்துத்தான் எழுதுகிறேன். உயரம் சரியாகத்தான் இருக்கிறது.

வகுப்பில் சார் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "தரவரிசைன்னு தலைப்பு வெச்சுட்டு வரிசையே இல்லையேம்மா" என்றார்.

"இருக்கு சார். எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் இல்ல."

"இதுக்கு எப்படி மார்க் போடுறது?"

"தெரியல சார். நீங்க போடுறதை வாங்கிக்கிறேன். மாத்த மட்டும் சொல்லாதீங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

நேற்றுப் பிற்பகல் கடல் மறுபடி மாறியது. என் புட்டியில் நீர் லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். அக்கா ஏற்கெனவே உள்வாங்கலைக் குறைத்துக்கொண்டிருந்தாள். புட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் தொலைபேசி அடித்தது. மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது.

"உற்பத்தி ஏன் இறங்குது? யார் குறைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கடல் கலங்குது, நான் குறைக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது தெளியிற வரைக்கும்."

"நான் ஏத்தச் சொன்னா?"

அக்கா கேஜ் முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னதா எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வாங்கிட்டு ஏத்துறேன் சார். வர்றீங்களா?"

மறுமுனையில் தொலைபேசியை வைக்கும் ஓசை.

அக்கா இன்னொரு வால்வையும் ஒரு சுற்று மூடினாள். "என்னடி மரம் மாதிரி நிக்கிற? அடுத்த புட்டியை எடுத்துட்டு வா" என்றாள்.